செய்தவனும் காரணமானவனும்

பொது வழியொன்றில் ஒருவன் கிணறு தோண்டுகிறான். அவ்விடத்தில் தோண்டும் உரிமை அவனுக்கு இல்லை. இரவில் அவ்வழியே வந்த வழிப்போக்கன் அதனுள் விழுந்து இறந்துபடுகிறான். தோண்டியவன் அவனைத் தள்ளவில்லை; அவன் இன்னான் என்று அறியவும் மாட்டான். எனினும் இறந்தவன் குடும்பத்துக்கு உயிரீட்டுத் தொகை கொடுக்க வேண்டியவன் தோண்டியவனே என்பர் ஃபிக்ஹு நூலார். இனி, கிணற்றருகே நின்ற வேறொருவன் அவ்வழிப்போக்கனை வேண்டுமென்றே பிடித்துத் தள்ளினான் என வைத்துக்கொள்வோம். அப்போது பொறுப்பு தள்ளியவனைச் சாரும், தோண்டியவன் விடுபடுவான். நேரே செய்தவனும் காரணமாக அமைந்தவனும் ஒருங்கே காணப்படுமிடத்துத் தீர்ப்பு நேரே செய்தவன் மீதே செல்லும் என்பது விதி. முன்னவனை ‘முபாஷிர்’ என்றும், பின்னவனை ‘முதஸப்பிப்’ என்றும் அரபியில் வழங்குவர். உதுமானியப் பேரரசில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது.

மதரஸாக்களில் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கப்படும் இவ்விதியைக் கையிலெடுத்துக்கொண்டு நாம் இப்போது கடலுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் அழிந்து வருகின்றன. அவ்வழிவுக்குப் பொறுப்பாளி யார்? பாறையைக் கடப்பாரையால் பெயர்த்தவனா? அல்லது பாறையைக் கண்ணாலும் கண்டிராத, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழ்கின்ற நம்மைப் போன்றவர்களா? இவ்வினா விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் விடை காணாமல் ஒதுக்கத் தக்கதன்று.

முதலில் பொருள் இன்னதெனத் தெளிதல் வேண்டும். திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தில் முத்துடன் சேர்த்து ‘மர்ஜான்’ என்னும் சொல் வருகின்றது. அதனைச் சிறு முத்துகள் எனக் கொண்ட விரிவுரையாளரும் உளர். சிவந்த பவளம் எனக் கொண்டவரும் உளர். நகையில் பதிக்கும் அச்சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் விளைபொருள். நம் கடலில் பாறையாக வளர்ந்து நிற்பது அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று. ஈழத்துத் தமிழர் இதனை ‘முருகைக்கல்’ என்பர். கல் என்று பெயர் பெற்றிருப்பினும் இதனைக் கட்டுவது உயிர். குண்டூசித் தலை அளவிலும், அதனினும் சற்றுப் பெரிதாகவும் உள்ள மெல்லிய உயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை கட்டிய வீட்டின் மீது மறுதலைமுறை கட்டுகின்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எழுந்ததே பவளப்பாறை.

இவ்வுயிரி தனித்து வாழ்வதில்லை. அதன் உடலுக்குள்ளேயே கண்ணுக்குப் புலப்படாத பாசி குடியிருக்கின்றது. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தன் வீட்டுக்காரனுக்குப் பெரும்பங்கு கொடுக்கின்றது. வீட்டுக்காரன் அதற்கு இடமும் பாதுகாப்பும் தருகின்றான். பவளத்தின் பல நிறங்களும் பெரும்பாலும் அப்பாசியால் வருவனவே. உலகக் கடல்களின் தரைப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளை, கடல்வாழ் இனங்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தம் வாழ்வின் ஏதேனும் ஒரு பருவத்தில் நம்பி வாழ்கின்றன. மீன் குஞ்சு பொரித்து ஒளிந்து வளர்வது அங்கே. அலையின் வேகம் கரையைத் தொடுமுன் உடைபடுவதும் அங்கே.

வடசென்னைக் கடலில் இத்தகைய பாறைகள் இல்லை. தமிழகத்தில் இவை சிறந்து காணப்படுவது இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றியே. அக்கரையோரம் நம் சமூகத்தார்க்கு அந்நியமன்று. முத்தும் சங்கும் குளித்தெடுத்த கைகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருந்தன. மண்ணடியில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கின்றது. ஆதலின், அக்கடலின் நலம் கெட்டால் அது யாருக்கோ நேர்ந்த கேடு என்று நாம் இருந்துவிட இயலாது.

அப்பாறைகளுக்கு நேர்ந்த முதற்கேடு கையால் நேர்ந்தது. சுண்ணாம்பு தேவைப்பட்டது, கடலடியில் சுண்ணாம்பு குவிந்து கிடந்தது. வள்ளங்களில் சென்று பாறையைப் பெயர்த்துக் கரை சேர்த்தனர். சில காளவாய்க்குச் சென்றன. சில வீட்டுச் சுவராயின. சில சாலைக்குச் சரளையாயின. தூத்துக்குடி வட்டாரத்தில் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் அவை மூலப்பொருளாயின. 1970-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் செய்த மதிப்பீட்டின்படி, ஆண்டொன்றுக்குச் சுமார் 25,000 டன் பாறை இவ்வாறு வெளியேறியது. வெடிவைத்து மீன் பிடிப்பதும், பாறை மீது இழுவலை செல்வதும் எஞ்சியதைச் சிதைத்தன. வளைகுடாவின் ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பாறைப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் இவ்வாறு சீர்குலைந்துவிட்டதெனக் கடல் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலாங்குச்சல்லித் தீவும் நீருள் மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பாறை போனபின் மணல்திட்டு எத்தனை நாள் நிற்கும்?

கல் எடுத்தவன் கெட்டவனா? அன்று; அவன் கூலிக்காரன். நாள் முழுதும் உப்புநீரில் மூழ்கி எடுத்த கல்லுக்குக் கிடைத்தது அன்றைய அரிசி. கல்லை வாங்கிக் காளவாய் வைத்தவனும், அச்சுண்ணாம்பால் வீட்டுக்கு வெள்ளையடித்தவனும், வெற்றிலையில் தடவிக்கொண்டவனும் பாறையைத் தொட்டதே இல்லை. எனினும் அவர்கள் கேட்டதால் இவன் இறங்கினான்.

கையால் எடுத்த கல் எங்கே உயிரை வாங்கும் என்பதற்கு இலங்கையின் தென்மேற்குக் கரை சான்றாக நிற்கின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, ஹிக்கடுவையில் பாறைகள் காக்கப்பட்டிருந்த கடற்பகுதியின் எதிரே நீர் சுமார் 50 மீட்டர் அளவே உள்ளே புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரலியாவில் அது ஒன்றரைக் கிலோமீட்டர் புகுந்தது. அங்கே நின்றுகொண்டிருந்த பயணிகள் இரயில் புரட்டப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பகுதிப் பாறைகள் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் பெயர்க்கப்பட்டிருந்தன என்பதை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். அலையை அனுப்பியது மனிதனல்லன். ஆயினும் அலைக்கு வழி திறந்து வைத்தவர்கள் மனிதர்கள். அவர்களுள் ஒருவர்க்கேனும் கொலை செய்யும் எண்ணம் இருந்ததில்லை. பொது வழியில் தோண்டப்பட்ட கிணறு என்று நூல்களில் ஓதுவது இதனைத்தான் அன்றோ?

அரசாங்கம் வாளாவிருந்ததென்று கூறுதல் நேர்மையாகாது. 1986-இல் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய காவல் அவற்றுக்கும் கிட்டியது. ஆழிப்பேரலைக்குப் பின் பாறையின் அருமையைக் கரையோர மக்களும் உணர, 2005 முதல் பாறை பெயர்ப்பு ஓய்ந்தது. நல்லவையே நடந்தன.

எனினும் அச்சட்டத்தின் சுமை யார் தோளில் இறங்கியது என்பதையும் நோக்க வேண்டும். அது கல் எடுத்தவன், சங்கு எடுத்தவன், பாசி பறித்தவள் ஆகியோர் தோளில் இறங்கியது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி பறித்துப் பிழைப்பவர்கள். தடை வந்தபோது அவர்கள் தாமே கூடி ஒரு முறை வகுத்துக்கொண்டனர். மாதத்தில் பன்னிரண்டு நாள் அளவில் மட்டுமே பறிப்பது, பாசி தழைக்கும் பருவத்தில் அறவே நிறுத்துவது, பாறையைச் சுரண்டும் கருவிகளை விட்டொழிப்பது என்பன அம்முறை. அவர்களுள் ஒரு பெண்மணிக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பு பரிசு வழங்கியது. கடலைக் கையால் தொடுகின்றவர் தம் கையைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டனர்.

காப்பிடம் வகுப்பது நம் மரபுக்குப் புதிதன்று. ‘ஹிமா’ என்னும் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே இருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய நிலத்துக்குக் காவலராக ஹுனய் என்பவரை நியமித்தபோது இட்ட கட்டளையை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விலக்குமாறும் அவர்கள் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு; ஏழையின் ஆடு அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான் என்பது அதற்கு அவர்கள் காட்டிய காரணம். காப்பிடம் என்பது எளியவனை விரட்டுவதற்கு முன் வலியவனைத் தடுக்க வேண்டும் என்பதே இதன் சாரம். மன்னார் வளைகுடாவில் வலியவன் யார்?

இவ்விடத்தில்தான் இரண்டாவது கேடு வருகின்றது. அதற்குக் கை இல்லை. கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு பாகை மிகுந்து சில வாரம் நீடித்தால், பவள உயிரி தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகின்றது. பாறை வெள்ளையாகத் தோன்றுகின்றது. அஃது உடனே இறப்பதில்லை, பட்டினி கிடக்கின்றது. விரைவில் சூடு தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிடில் பாறை மடியும். 1998-இல் உலகெங்கும் இது பெருமளவில் நேர்ந்தபோது மன்னார் வளைகுடாவும் இலட்சத்தீவும் பாதிக்கப்பட்டன. 2010-இல் மீண்டும் நேர்ந்தது. 2016 கோடையில் நேர்ந்தது மிகக் கடுமையானது: அதற்கு முந்திய ஆண்டு வளைகுடாவின் பாறைப்பரப்பில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளம் 23 விழுக்காடாகக் குறைந்தது. 2024-இல் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. பூமியின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையினும் 1.5 பாகை உயர்ந்தால் உலகப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு வரை குறையும் என்றும், 2 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய முழுவதும் போய்விடும் என்றும் பன்னாட்டு அறிஞர் குழு 2018-இல் எச்சரித்தது.

இச்சூடு எங்கிருந்து எழுகின்றது? நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படும் எல்லா இடங்களிலிருந்தும் எழுகின்றது. எண்ணூரில் 1970-இல் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆயினும் வடசென்னை அனல் மின் நிலையமும் 1,500 மெகாவாட் திறனுடைய வல்லூர் நிலையமும் அருகிலேயே இயங்குகின்றன. 2024-இல் 800 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. நிலக்கரி இறக்குவதற்கென்றே எழுந்தது எண்ணூர்த் துறைமுகம். நம் வீட்டு விளக்கும், விசிறியும், பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் இம்மின்சாரத்தால் இயங்குவனவே. அப்புகை எண்ணூரின் மேல் மட்டும் தங்கிவிடுவதில்லை. அது உலகத்தாரின் புகையோடு கலந்து, உலகத்தார் கடலைச் சுடச்செய்து, மன்னார்க் கடலில் பாசியை வெளியேற்றுகின்றது.

இப்போது விதிக்கு வருவோம். இக்கேட்டில் முபாஷிர் யார்? சூடு. சூட்டின் மீது வழக்குத் தொடுக்க இயலுமா? நேரே செய்பவன் பொறுப்பேற்கத் தகுதியற்றதாய் இருக்குமிடத்துக் காரணமானவனை நோக்கித்தான் கேள்வி திரும்பும். வழிப்போக்கன் தானே தடுக்கி விழுந்தபோது தோண்டியவனிடமே நாம் கேட்டோம் அன்றோ?

இதற்கு மூன்று மறுப்புகள் கூறப்படும். மூன்றும் புறக்கணிக்கத் தக்கவையல்ல.

‘எமக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இல்லை, அனுமதிக்கப்பட்ட செயலையே செய்தோம்’ என்பது முதலாவது. இது வலுவுள்ள மறுப்பு. காரணமானவன் வரம்பு மீறியிருந்தாலன்றி அவன்மேல் பொறுப்பு விழாது என்றே சட்ட நூலாரும் கூறுவர். தன் நிலத்தில் கிணறு தோண்டியவன்மேல் குற்றமில்லை. ஆயின் காற்றும் கடலும் எவருடைய சொந்த நிலம்? அவை எல்லாரும் நடக்கும் பொது வழி. பொது வழியில் நடக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. பிறர் விழும்படி அதனைத் தோண்டும் உரிமை எவர்க்கும் இல்லை. இருட்டில் தோண்டியவனுக்கும், விழுந்தவரைக் கண்டபின்னும் தோண்டுகின்றவனுக்கும் வேறுபாடு உண்டு. 1998-க்கு முன் அறியாதிருந்தோம் எனலாம். இனி அவ்வாறு கூற இயலாது.

‘எம் பங்கு கடுகளவு’ என்பது இரண்டாவது. மெய்தான். இராயபுரத்து ஒரு வீட்டு விளக்கை அணைப்பதனால் ஒரு பவளமும் உயிர் பெறாது. ஆனால் பாரம் ஏற்றிய படகொன்று கவிழ்ந்தால், மூட்டை வைத்தவர் ஒவ்வொருவரும் ‘என் ஒரு மூட்டையாலா கவிழ்ந்தது?’ என்று கேட்கலாம். எல்லார் கூற்றும் தனித்தனியே மெய். படகு மட்டும் கவிழ்ந்தே கிடக்கின்றது. பங்கு சிறிதாயின் பொறுப்பும் சிறிது; அஃது இல்லாததாகிவிடாது.

‘பெரிதும் எரித்தவர் மேல்நாட்டார், நாம் ஏழைகள், எமக்கு வெளிச்சம் வேண்டாவா?’ என்பது மூன்றாவது. இதில் நீதி இருக்கின்றது. நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியால் செழித்த நாடுகளின் பங்கும், அண்மையில் மின்விளக்குக் கண்ட குடிசையின் பங்கும் ஒன்றாகா. உமர் (ரலி) அவர்களின் கட்டளை இங்கே வழிகாட்டுகின்றது: பெருமந்தை முதலில் வெளியேற வேண்டும். ஆனால் நம் ஊருக்குள்ளும் பெருமந்தை உண்டு, சிறு ஆடும் உண்டு. ஒரே தெருவில் ஒற்றை விசிறியின் கீழ் எழுவர் உறங்கும் வீடும் இருக்கின்றது. ஆளில்லா அறைகளிலும் குளிர்சாதனம் ஓடும் மாளிகையும் இருக்கின்றது. தேவைக்கு எரிப்பது ஆகுமானது. தேவைக்கு மேல் எரிப்பதற்கு மார்க்கம் இட்ட பெயர் ‘இஸ்ராஃப்’, வீண்விரயம். அனுமதிக்கப்பட்டது எங்கே முடிந்து வரம்பு மீறல் எங்கே தொடங்குகின்றது என்று கேட்பவர்க்கு நாம் காட்டக்கூடிய கோடு இதுவே. விளக்கைப் போடுகின்றவனைக் காட்டிலும், எதனை எரித்து விளக்கேற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் உடையோர்மீது பொறுப்பு மிகுதி என்பதும் இதனுள் அடங்கும்.

வடசென்னையார்க்கு இதனை விளக்கிக் கூறத் தேவையில்லை. பிறர் வசதிக்காகத் தம் நீர் கெடுவது எத்தகையதென அவர்கள் பட்டறிந்தவர்கள். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தூர்த்தது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயைத் தொண்டர்கள் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளையும் வலைகளையும் கரிதாக்கியது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தோர் கரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் ‘நாங்கள் என்ன செய்தோம்?’ என்று கேட்டால், அதே கேள்வியை மன்னார்க் கடலோரத்து மீனவனும் கேட்கின்றான். ஒருவன் கேள்வி நியாயமாயின் மற்றவன் கேள்வியும் நியாயமே. தூத்துக்குடியிலும் 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம் கடலோரத்தில் நிற்கின்றது. எண்ணூரின் துன்பம் அங்கேயும் அறிமுகமானதே.

பரிகாரம் தேடுவோரும் இல்லாமல் இல்லை. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், உயிருள்ள பவளத்தின் சிறு துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். 1986-இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்து 2014-இல் சுமார் 2 ஹெக்டேராகத் தேய்ந்துவிட்ட வான் தீவைக் காக்க, தமிழக அரசின் முயற்சியால் 2015 முதல் அதனைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்து தீவு நிலைத்தது. அச்சிமெண்டின் மீது இளம்பவளங்களும் பற்றின. ஒரு நாற்றங்காலுக்குரிய பொறுமையோடு அவர்கள் கடலில் உழைக்கின்றனர். எனினும் நட்ட பவளமும் சூடு மிகுந்த கோடையில் வெளிறத்தான் செய்கின்றது. கையால் உடைத்ததைக் கையால் நடலாம். புகையால் சுட்டதைக் கையால் ஆற்ற இயலாது. புகையைக் குறைத்தாலன்றி வழியில்லை.

ஆதலின் நாம் கூறுவது இது. உலகியல் வழக்கில் நேரே செய்தவனைப் பிடிப்பது முறைதான். இல்லையேல் எவ்வழக்கும் முடிவுறாது. பாறை பெயர்ப்பவனைத் தடுப்பது சரியே. தடுக்கப்பட்டவனுக்கு வேறு பிழைப்புக் காட்டுவது அதனினும் சரி. ஆனால் நீதிமன்றத்தில் விடுபட்டவன் மறுமை நாளின் கேள்வியிலிருந்தும் விடுபட்டான் என்று எந்த இமாமும் கூறியதில்லை. காரணமானவன் தன் கையைப் பார்த்து, ‘இது சுத்தமாயிருக்கிறது’ என்று ஆறுதல் கொள்வதற்காக அவ்விதி வகுக்கப்படவில்லை.

இல்லத்தில் அலங்காரத்துக்கெனப் பவளக்கிளையும் காக்கப்பட்ட சங்கும் வாங்காதிருத்தல் எளிது. சட்டமும் அதனை விலக்கியிருக்கின்றது. ஆளில்லா இடத்தில் எரியும் விளக்கை அணைக்கப் பிள்ளைகளைப் பழக்குதலும் எளிது. பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் நிர்வாகிகள் கூரைமேல் விழும் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க ஆலோசித்தல் சற்று அரிது. ஆயினும் ஜமாஅத் மனம் வைத்தால் ஆகாததன்று. எண்ணூர் மீனவர் சாம்பலையும் எண்ணெயையும் எதிர்த்து மனுக் கொடுக்கும்போது அவரோடு நிற்பது எல்லாவற்றினும் அரிது. அதில் நாம் துய்க்கும் வசதிக்கு எதிராகவே நாம் பேச வேண்டியிருக்கும். கீழக்கரைக் கடலின் அடியில் இன்னும் உயிரோடிருக்கும் பவளத்துக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அந்த அரிய செயலில்தான் பெரிதும் அடங்கியிருக்கின்றது. அதனை நிறைவேற்றும் மனவலிமையை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!